41 நாள் சாட்சியம்: சீரிஸ் சிறுகோள் கண்டெடுக்கப்பட்ட வரலாறும் அதன் சுற்றுப்பாதையும்



வானத்திலே ஒரு புதிய பொருளை ஒரேயொரு மனிதர் காண்கின்றார். புகைப்படக் கருவி பிறக்காத காலம் அது. 41 நாட்கள் அதனைப் பின்தொடர்ந்து குறிப்பெடுக்கின்றார். பின்னர் அவர் நோய்வாய்ப்படுகின்றார். அப்பொருளும் சூரியனின் பிரகாசத்துக்குள் சென்று மறைந்து விடுகின்றது. மாதங்கள் பல கழிந்து அது மறுபக்கம் வெளிப்படும்போது, இலட்சக்கணக்கான விண்மீன்களுக்கிடையே அதனை எங்கே தேடுவதென்று எவருக்கும் தெரியவில்லை. ஆயினும் ஆண்டொன்று முடிவதற்குள், 'இன்ன நாளில் இன்ன இடத்தில் நிற்கும்' என்று கணக்கிட்டுச் சொல்லப்பட்ட இடத்திற்கு மிக அண்மையிலேயே அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

சீரிஸ் எனப்படும் சிறுகோளின் வரலாறே இதுவாகும். கண்ணால் கண்டதை உள்ளவாறு எழுதி வைப்பதும், எழுதி வைத்ததைக் கொண்டு முறைப்படி கணக்கிடுவதும் எத்துணை வலிமை வாய்ந்தவை என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. 'இந்தக் கணிதமெல்லாம் எதற்கு?' என்று பிள்ளைகள் வினவும் வீடுகளில் இவ்வரலாறு சொல்லப்பட வேண்டியதாகும்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே

சூரியனைச் சுற்றிவரும் கோள்களின் தூரங்களை ஆராய்ந்தவர்கள், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே வழமைக்கு மாறான ஒரு பெரிய இடைவெளி இருப்பதை நீண்ட காலத்துக்கு முன்பே கவனித்திருந்தனர். பூமிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட சராசரித் தூரத்தை ஒன்று என்று கொண்டால், செவ்வாயின் தூரம் ஏறத்தாழ 1.5, வியாழனின் தூரம் 5.2 ஆகும்.

1766ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த டீட்டியஸ் என்பவர் கோள்களின் தூரங்களுக்கு ஓர் எண்வரிசையை எடுத்துரைத்தார். 1772இல் போடே என்னும் வானியலாளர் அதனைப் பரவச் செய்தார். 0.4, 0.7, 1.0, 1.6, 2.8, 5.2, 10.0 என்று அவ்வரிசை செல்லும். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஆறும் அதில் பொருந்தின. 2.8 என்னும் இடம் மட்டும் வெறுமையாக நின்றது. 1781இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தபோது, வரிசையின் அடுத்த எண்ணாகிய 19.6 என்பதற்கு அருகில், 19.2 என்னும் தூரத்தில் அது அமைந்திருந்தது. இதனால் அவ்வெண்வரிசையின் மீது நம்பிக்கை பன்மடங்காகியது. வெறுமையான இடத்தில் ஒரு கோள் கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்று பலர் உறுதிகொண்டனர்.

1800ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் ஜேர்மனியின் லிலியன்தால் என்னும் ஊரில் சில வானியலாளர்கள் ஒன்றுகூடினர். வொன் ஸாக் என்பவர் அம்முயற்சியின் முன்னோடியாக விளங்கினார். கோள்கள் நடமாடும் வானவட்டத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, ஐரோப்பாவின் 24 வானியலாளர்களிடம் ஒவ்வொரு பகுதியை ஒப்படைத்துத் தேடுவதென முடிவாயிற்று. அழைப்புக் கடிதங்கள் அனுப்பப்பட வேண்டியோர் பட்டியலில் இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்த ஒருவரின் பெயரும் இருந்தது. ஆனால், அவரிடம் கடிதம் சென்று சேர்வதற்கு முன்னரே அவர் அதனைக் கண்டுவிட்டார். அதுவும் தேடாமலே கண்டார்.

பலர்மோ நகரத்துக் கோபுரம்

அவரின் பெயர் ஜுசெப்பே பியாட்ஸி. 1746இல் பிறந்தவர், கத்தோலிக்கத் துறவி, கணித ஆசிரியர். சிசிலியின் தலைநகரான பலர்மோவில் 1790இல் நிறுவப்பட்ட வானாய்வு நிலையத்தின் பொறுப்பாளர். அரச மாளிகையின் கோபுரமொன்றின் உச்சியில் அந்நிலையம் அமைந்திருந்தது.

இந்நகரம் நமது வரலாற்றுக்கு அந்நியமானதன்று. 831ஆம் ஆண்டு முதல் 1072ஆம் ஆண்டு வரை பலர்மோ முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அரச மாளிகை எழுந்த இடத்தில் முன்னர் முஸ்லிம் ஆட்சியாளரின் கோட்டை இருந்தது. பின்னர் வந்த நோர்மானிய மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில்தான் அல்-இத்ரீஸி தமது புகழ்பெற்ற புவியியல் நூலையும் உலகப் படத்தையும் 1154இல் நிறைவு செய்தார்.

பியாட்ஸி, லண்டன் நகரின் தலைசிறந்த கருவி வினைஞராகிய ராம்ஸ்டனிடம் 5 அடி விட்டமுள்ள வட்ட அளவுகோல் பொருத்தப்பட்ட ஒரு தொலைகாட்டியைச் செய்வித்திருந்தார். 1789இல் அது நிறைவடைந்தது. விண்மீனொன்று அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில், எத்திசையில் உள்ளதென்பதை அது மிக நுட்பமாக அளந்து காட்டும். திசைக் கோணத்துக்கு ஐரோப்பியர் இன்றும் வழங்கும் 'அஸிமுத்' என்ற சொல், திசைகள் எனப் பொருள்படும் 'அஸ்ஸுமூத்' என்னும் அறபுச் சொல்லிலிருந்து வந்ததாகும்.

இக்கருவியைக் கொண்டு பியாட்ஸி செய்துகொண்டிருந்த பணி, விண்மீன்களின் அட்டவணை ஒன்றைத் தயாரிப்பதாகும். புகழ் தரும் பணியன்று அது. பொறுமையை மட்டுமே கேட்கும் பணி. முன்னிருந்தோரின் அட்டவணைகளில் பிழைகள் மலிந்திருப்பதைக் கண்ட அவர், ஒரு விதியை வகுத்துக்கொண்டார். எந்த விண்மீனையும் ஓர் இரவில் மட்டும் அளந்து எழுதுவதில்லை. பல இரவுகள் மீண்டும் மீண்டும் அளந்த பின்னரே அதன் இடம் உறுதி செய்யப்படும். 1803இல் 6,748 விண்மீன்களையும், 1814இல் 7,646 விண்மீன்களையும் கொண்ட அட்டவணைகளை அவர் வெளியிட்டார். சீரிஸைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் இவ்விதியேயாகும்.

ஓர் இரவு போதாது

1801ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாம் நாள் இரவு. ஹிஜ்ரி 1215ஆம் ஆண்டு ஷஃபான் மாதத்தின் நடுப்பகுதி அது. இடப இராசிப் பகுதியில், பழைய அட்டவணையொன்றில் 87ஆம் இலக்கமிடப்பட்ட விண்மீனை பியாட்ஸி அளந்துகொண்டிருந்தார். அறபிகள் 'அத்தபரான்' என்று பெயரிட்ட செந்நிற விண்மீன் விளங்கும் இராசி அதுவே. 87ஆம் விண்மீனுக்குச் சற்று முன்னால் இன்னொரு மங்கலான ஒளிப்புள்ளி தென்பட்டது. வழமைபோல் அதனையும் அளந்து குறித்துக்கொண்டார்.

மறுநாள் இரவு மீண்டும் அளந்தபோது, அப்புள்ளி முந்திய இடத்தில் இல்லை, சிறிது விலகியிருந்தது. அவரது உள்ளத்தில் முதலில் எழுந்தது மகிழ்ச்சியன்று, ஐயமாகும். நேற்றைய அளவில்தான் பிழை நேர்ந்துவிட்டதோ என்று எண்ணினார். மூன்றாம் நாளும் அளந்தார். அதே திசையில், அதேயளவாக அது மேலும் நகர்ந்திருந்தது. நான்காம் நாளுக்குப் பின்னரே, இது நிலையான விண்மீன் அன்று என அவர் உறுதிகொண்டார்.

ஜனவரி 24ஆம் திகதி மிலான் நகரிலிருந்த தமது நண்பர் ஒரியானிக்கும், பேர்லினிலிருந்த போடேக்கும் கடிதம் எழுதினார். வால்வெள்ளி ஒன்றைக் கண்டதாகவே அறிவித்தார். ஆனால் நண்பருக்கு எழுதியபோது, இதனைச் சூழ்ந்து மங்கலான புகைப்படலம் எதுவும் காணப்படவில்லை, இதன் அசைவோ மெதுவாகவும் சீராகவும் உள்ளது, ஆதலால் இது வால்வெள்ளியைவிட மேலானதாக இருக்கக்கூடும் என்ற தமது எண்ணத்தையும் வெளியிட்டார். உலகுக்கு அதனை முழக்கமிட அவர் விரும்பவில்லை. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னார். ஊகத்தை ஊகம் என்றே சொன்னார்.

காணாமற் போன கோள்

பெப்ரவரி 11ஆம் திகதி வரை பியாட்ஸி அதனை 24 இரவுகளில் அளந்தார். அதன் பின்னர் நோய் அவரைத் தடுத்தது. மேகமூட்டமும் நோயும் போக எஞ்சிய அந்த 24 அளவுகளைத் தவிர உலகில் வேறெவரிடமும் அக்கோளைப் பற்றிய சான்று எதுவும் இருக்கவில்லை.

அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் போர் மூண்டிருந்தது. கடிதங்கள் மெதுவாகவே சென்றன. பேர்லினுக்கு எழுதிய கடிதம் மார்ச் மாதத்திலேயே கிடைத்தது. அதற்குள் சீரிஸ் சூரியனுக்கு அருகே தோன்றும் பகுதிக்குச் சென்றுகொண்டிருந்தது. பியாட்ஸியிடம் ஒரு குறையும் இருந்தது. சுற்றுப்பாதையைத் தாமே கணக்கிட்டு முடிக்க விரும்பி, முழு அளவுகளையும் உடனடியாகப் பிறருக்கு அனுப்பாமல் வைத்திருந்தார். ஏனைய வானியலாளர்கள் இதுபற்றி வருத்தமும் கோபமும் கொண்டனர். அவர் முழு விவரங்களையும் ஏப்ரல் மாதத்தில் சிலருக்கு அனுப்பினார். வொன் ஸாக் நடத்திய சஞ்சிகையில் அவை செப்டெம்பர் மாதத்திலேயே அச்சேறின.

அவதானமாக இருத்தல் நற்பண்பு. ஆயினும் பிறர் பயன்பெற வேண்டிய அறிவைத் தேவைக்கு மேல் தடுத்து வைப்பது அதனையே இழக்கச் செய்யும் நிலைக்கு இட்டுச் செல்லக்கூடும். சீரிஸ் விடயத்தில் இந்நிலை மயிரிழையில் தவிர்க்கப்பட்டது என்றே கூற வேண்டும்.

மூன்று அளவுகள், ஆறு எண்கள்

இங்கே நாம் சற்று நின்று, பிரச்சினையின் கடினத்தை விளங்கிக்கொள்ள வேண்டும்.

கடற்கரையோரமாக இரவில் நடந்து செல்லும் ஒருவர், தூரத்தே கடலில் ஒரு தோணியின் விளக்கைக் காண்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எத்திசையில் உள்ளதென்று அவரால் சொல்ல முடியும். எவ்வளவு தூரத்தில் உள்ளதென்று சொல்ல முடியாது. அருகில் மெதுவாகச் செல்லும் சிறு தோணியா, தூரத்தில் விரைந்து செல்லும் பெரிய படகா என்பதும் விளங்காது. அத்துடன், பார்ப்பவரும் ஓரிடத்தில் நிற்பதில்லை, அவரும் நடந்துகொண்டிருக்கின்றார். வானியலாளரின் நிலையும் இதுவே. கோளும் நகர்கின்றது, அவர் நிற்கும் பூமியும் நகர்கின்றது. அவருக்குக் கிடைப்பது திசை மட்டுமே, தூரம் கிடைப்பதில்லை.

கோளொன்றின் சுற்றுப்பாதையை முற்றாக அறிய ஆறு எண்கள் தேவை. பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீண்டு ஒடுங்கியது என்பவற்றுக்கு இரண்டு எண்கள். பாதை அமைந்துள்ள தளம் எவ்வளவு சாய்ந்துள்ளது, எத்திசை நோக்கிச் சாய்ந்துள்ளது என்பவற்றுக்கு இரண்டு. அத்தளத்தில் நீள்வட்டத்தின் நீண்ட அச்சு எத்திசையை நோக்கியுள்ளது என்பதற்கு ஒன்று. குறித்த நாளில் கோள் பாதையில் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதற்கு ஒன்று. வானில் ஒருமுறை அளந்தால் கிடைப்பவை இரண்டு கோணங்களாகும். எனவே மூன்று முறை அளந்தால் ஆறு எண்கள் கிடைக்கும். கொள்கையளவில் மூன்று இரவுகளின் அளவுகள் போதுமானவை. ஆனால், சீரிஸ் தனது முழுச் சுற்றில் நாற்பதில் ஒரு பங்கை மட்டுமே அந்த 41 நாட்களில் கடந்திருந்தது. இவ்வளவு சிறிய துண்டைக் கொண்டு முழுப் பாதையையும் வரைவது, மோதிரத்தின் உடைந்த துணுக்கொன்றை வைத்து முழு மோதிரத்தையும் செய்வதை ஒத்ததாகும். துணுக்கை அளப்பதில் அணுவளவு பிழை நேர்ந்தாலும் மோதிரம் பெருமளவு மாறிவிடும்.

இதற்கு முன்னர் யுரேனஸின் பாதையை அறிய வட்டமே போதுமான தொடக்கமாக இருந்தது. வால்வெள்ளிகளுக்கு வேறொரு வளைகோடு பயன்பட்டது. சீரிஸுக்கு இவ்விரண்டும் பொருந்தவில்லை. பலர் பல பாதைகளைக் கணக்கிட்டனர். ஒன்று மற்றொன்றுடன் உடன்படவில்லை.

அப்போது பிறன்சுவிக் நகரில் கார்ல் பிரெட்ரிக் கவுஸ் என்னும் 24 வயது இளைஞர் வாழ்ந்து வந்தார். அவரது தந்தை கொத்துவேலை, தோட்டவேலை எனக் கிடைத்த தொழிலைச் செய்து குடும்பத்தைக் காத்தவர். மகனின் கணிதத் திறமையைக் கண்டு அந்நாட்டுக் கோமகன் கல்விச் செலவைப் பொறுப்பேற்றிருந்தார். கவுஸ் எந்தவொரு முன்முடிவையும் எடுத்துக்கொள்ளவில்லை. பாதை வட்டம் என்றோ, தூரம் 2.8 என்றோ அவர் தொடங்கவில்லை. கெப்லர் 1609இல் வெளியிட்ட இரு விதிகளை மட்டும் அடிப்படையாகக் கொண்டார். கோளின் பாதை சூரியனை ஒரு குவியத்தில் கொண்ட நீள்வட்டமாகும் என்பது ஒன்று. சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கும் என்பது மற்றையது.

பியாட்ஸியின் அளவுகளிலிருந்து ஒன்றுக்கொன்று தூரமான மூன்று நாட்களைத் தெரிவு செய்தார். சம பரப்பு விதியின் மூலம், நாட்களின் இடைவெளியிலிருந்து பரப்புகளின் விகிதத்தைக் கணித்தார். அதிலிருந்து தூரத்தை அண்ணளவாகப் பெற்றார். அத்தூரத்தைக் கொண்டு விகிதத்தைத் திருத்தினார். திருத்திய விகிதத்தால் தூரத்தை மீண்டும் திருத்தினார். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்து, இறுதியில் கிடைத்த பாதையை பியாட்ஸியின் எஞ்சிய அளவுகளுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தார். 1809இல் தாம் வெளியிட்ட பெருநூலில், இத்தகைய கணிப்பின் முறைகளை இன்னும் செம்மைப்படுத்தி உலகுக்கு வழங்கினார்.

சொன்ன இடத்திற்கருகே தோன்றியது

கவுஸின் முடிவு 1801 டிசம்பரில் வெளிவந்தது. சீரிஸ் நிற்குமென அவர் காட்டிய இடம், ஏனையோர் காட்டிய இடங்களுக்குப் பல பாகைகள் கிழக்கே இருந்தது. டிசம்பர் 7ஆம் திகதி இரவு வொன் ஸாக் அப்பகுதியில் ஐயத்துக்குரிய ஒரு புள்ளியைக் குறித்தார். ஆனால் வானிலை தொடர்ந்து தடைசெய்தது. டிசம்பர் 31ஆம் திகதி இரவில் அவரால் அதனை உறுதிப்படுத்த முடிந்தது. அடுத்த நாள், அதாவது முதற்கண்டுபிடிப்பு நிகழ்ந்து சரியாக ஓராண்டு நிறைவுற்ற நாளில், பிரேமன் நகரத்து வைத்தியரான ஒல்பர்ஸ் தனித்து அதனைக் கண்டார். கவுஸ் சொன்ன இடத்துக்கும் அது நின்ற இடத்துக்கும் இடைப்பட்ட வித்தியாசம் அரைப் பாகை அளவே. அதாவது பூரண சந்திரனின் அகலமளவாகும்.

சிசிலியின் காவல் தெய்வமென உரோமானியர் கருதிய பயிர்த் தெய்வத்தின் பெயரைக் கொண்டே பியாட்ஸி இதற்கு சீரிஸ் எனப் பெயரிட்டார். 1803இல் கண்டுபிடிக்கப்பட்ட சீரியம் என்னும் மூலகத்துக்கும் இப்பெயரே வழங்கப்பட்டது.

அழகிய எண்வரிசைக்கு நேர்ந்த கதி

சீரிஸின் தூரம் 2.77. டீட்டியஸின் எண்வரிசை சொன்னதோ 2.8. இதனைக் கேள்வியுற்றோர், எண்வரிசை இறுதியாக நிறுவப்பட்டதென்று மகிழ்ந்தனர். ஆனால் அம்மகிழ்ச்சி சில மாதங்களே நீடித்தது. 1802 மார்ச் மாதம் ஒல்பர்ஸ் பல்லாஸ் என்னும் இரண்டாவது பொருளைக் கண்டார். அதன் தூரமும் ஏறத்தாழ 2.77. ஒரு கோளுக்கென ஒதுக்கிய இடத்தில் இரண்டு நின்றன. 1804இல் ஜூனோவும், 1807இல் வெஸ்டாவும் கிடைத்தன. தொலைகாட்டியில் இவை விண்மீன்களைப் போல் வெறும் புள்ளிகளாகவே தெரிந்தமையால், இவற்றுக்கு விண்மீன் போன்றவை எனப் பொருள்படும் ஒரு புதுப் பெயரை ஹெர்ஷல் 1802இல் முன்மொழிந்தார். தமிழில் நாம் சிறுகோள்கள் என்கின்றோம். 1846இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டபோது, எண்வரிசை 38.8 என்று சொல்ல, கோளோ 30.1 என்னும் தூரத்தில் நின்றது. அத்துடன் அவ்வெண்வரிசை ஒரு விதி என்னும் தகுதியை இழந்தது.

நேயர்களே! இவ்விடத்தை நாம் நன்கு கவனிக்க வேண்டும். எட்டு இடங்களில் பொருந்திய ஓர் எண்வரிசை, ஒன்பதாவது இடத்தில் தோற்றது. அதனை நம்பித் தேடியவர்களுக்கு முன்னதாக, அதனைப் பொருட்படுத்தாமல் விண்மீன்களை அளந்துகொண்டிருந்தவரே சீரிஸைக் கண்டார். காரணம் காட்டாத எண்பொருத்தம் ஆதாரமாகாது. எண்களின் அழகைக் காட்டி எதனையும் நிறுவ முயல்வோர் நம்மிடையேயும் உள்ளனர். பொருந்துகின்ற இடங்களை மட்டும் எடுத்துக் காட்டி, பொருந்தாதவற்றை விட்டுவிடும் இம்முறையால் மார்க்கத்துக்கோ அறிவுக்கோ நன்மை விளையாது. இன்று பொருந்தியது நாளை பொருந்தாமற் போகும்போது, அதன்மீது நம்பிக்கையைக் கட்டிய இளைஞரின் உள்ளமே ஆட்டம் காண்கின்றது.

சீரிஸ் செல்லும் பாதை

சூரியனிலிருந்து சீரிஸின் சராசரித் தூரம் சுமார் 41 கோடி 40 இலட்சம் கிலோமீற்றர். சூரிய ஒளி அங்கு சென்றடைய 23 நிமிடங்கள் எடுக்கும். மிக அண்மிக்கும்போது 38 கோடி கிலோமீற்றராகவும், மிக விலகும்போது 44 கோடி 60 இலட்சம் கிலோமீற்றராகவும் அத்தூரம் மாறுகின்றது. பூமியின் பாதைத் தளத்தைவிட அதன் பாதை 10.6 பாகை சாய்ந்தது. செக்கனுக்குச் சுமார் 18 கிலோமீற்றர் வேகத்தில் சென்று, ஒரு முழுச் சுற்றை 4.6 ஆண்டுகளில் நிறைவு செய்கின்றது. தன்னைத்தானே சுற்ற 9 மணித்தியாலங்களைச் சற்றுத் தாண்டிய நேரமே எடுக்கின்றது.

சுற்றுக்காலத்தை நமது பாடசாலை மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். கெப்லரின் மூன்றாம் விதிப்படி, தூரத்தின் கனம் சுற்றுக்காலத்தின் வர்க்கத்துக்குச் சமமாகும். 2.77 ஐ மூன்று முறை பெருக்கினால் 21.25 கிடைக்கும். அதன் வர்க்கமூலம் 4.61. இவ்வளவேதான்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பிரதான சிறுகோள் பட்டியில் இன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை அடையாளம் காணப்பட்டுள்ளன. ஆயினும் அவை அனைத்தின் திணிவையும் ஒன்றுசேர்த்தாலும் நமது சந்திரனின் திணிவில் 3 சதவீதமளவே வரும். அதில் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டது சீரிஸ் ஒன்றுக்கே உரியது. சிறுகோள் பட்டி பாறைகள் நெருங்கி மோதும் இடமென்று திரைப்படங்கள் காட்டுவது தவறாகும். அவற்றுக்கிடையே பரந்த வெளி உள்ளது. 1972இல் பட்டிக்குள் நுழைந்த பயோனியர் 10 விண்கலம் எவ்வித சேதமுமின்றி அதனைக் கடந்தது.

இப்பட்டியிலும் ஓர் ஒழுங்கு உண்டு. 1866இல் டேனியல் கேர்க்வுட் என்னும் அமெரிக்கர், குறித்த சில தூரங்களில் சிறுகோள்கள் அருகியிருப்பதைக் கவனித்தார். எடுத்துக்காட்டாக, 2.5 என்னும் தூரத்தில் சுற்றுக்காலம் வியாழனின் சுற்றுக்காலத்தில் சரியாக மூன்றிலொரு பங்காகும். அங்குள்ள சிறுகோள் மூன்று சுற்றுக்கு ஒருமுறை வியாழனைப் பாதையின் அதே இடத்தில் சந்திக்க நேர்வதால், அதன் ஈர்ப்பு மீண்டும் மீண்டும் ஒரே விதமாகத் தாக்குகின்றது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளத் தள்ள அது உயர்வதுபோல, சிறுகோளின் பாதை நீண்டு, இறுதியில் அவ்விடத்தைவிட்டே அகன்று விடுகின்றது. டீட்டியஸின் எண்வரிசைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இதுதான்: இங்கே எண்ணுக்குப் பின்னால் விளங்கிக்கொள்ளத்தக்க காரணம் இருக்கின்றது.

'சிறுகோள் ஒன்று பூமியை நோக்கி வருகின்றது' என்று கைத்தொலைபேசிகளில் அடிக்கடி செய்திகள் பரவுவதை நாம் அறிவோம். பூமியை நெருங்கிச் செல்லும் சிறுகோள்கள் இருப்பது உண்மை. அவற்றை வானியலாளர் தொடர்ந்து கண்காணித்தும் வருகின்றனர். ஆனால் பிரதான பட்டியிலுள்ள சீரிஸ், நமக்கு மிக அண்மிக்கும்போதும் 20 கோடி கிலோமீற்றருக்கு அப்பாலேயே நிற்கின்றது. ஒரு பொருள் எங்கு செல்லும் என்பதைச் சொல்ல, அதனை யார், எப்போது, எத்தனை முறை அளந்தார் என்பது தெரிந்திருக்க வேண்டும். அவ்விவரம் இல்லாத செய்தியைப் பிறருக்கு அனுப்புவோர், அதனால் விளையும் அச்சத்துக்குப் பொறுப்பாளிகளாவர்.

அருகில் சென்று கண்டவை

2006 ஆகஸ்ட் மாதம் சர்வதேச வானியல் சங்கம் சீரிஸைக் குறுங்கோள் என்னும் வகையில் சேர்த்தது. முதலில் கோள், பின்னர் சிறுகோள், இப்போது குறுங்கோள் என அதன் பெயர் மாறியது, பாதை மாறவில்லை.

2007இல் ஏவப்பட்ட டோன் என்னும் அமெரிக்க விண்கலம், முதலில் வெஸ்டாவைச் சுற்றி ஆராய்ந்துவிட்டு, 2015 மார்ச் 6ஆம் திகதி சீரிஸின் ஈர்ப்பில் இணைந்தது. சுமார் 940 கிலோமீற்றர் விட்டமுள்ள அவ்வுலகில், ஒக்கேட்டர் என்னும் 92 கிலோமீற்றர் அகலமான பள்ளத்தில் பிரகாசமான வெண்திட்டுகள் காணப்பட்டன. அடியிலிருந்து மேலெழுந்த உப்பு நீர் வற்றிப்போக எஞ்சிய உப்புப் படிவுகளே அவை. எரிபொருள் தீர்ந்து 2018இல் பணி முடிந்த அவ்விண்கலம் இன்றும் சீரிஸைச் சுற்றிக்கொண்டிருக்கின்றது. இவ்வளவு தூரத்துக்கு அதனை வழிநடத்தியதும் பாதைக் கணக்கே.

ஆயிரமாவது சிறுகோளுக்கு பியாட்ஸியின் பெயரும், 1001ஆவதற்கு கவுஸின் பெயரும், 1002ஆவதற்கு ஒல்பர்ஸின் பெயரும் இடப்பட்டுள்ளன. 9936ஆம் இலக்கச் சிறுகோள் அல்-பிரூனியின் பெயரைத் தாங்குகின்றது. 4923ஆம் இலக்கச் சிறுகோள், நமது நாட்டிலே நீண்ட காலம் வாழ்ந்து 2008இல் கொழும்பில் காலமான எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் பெயரைத் தாங்குகின்றது.

சாட்சியம் என்னும் அமானிதம்

பிறை கண்டதாக ஒருவர் வந்து கூறும்போது நாம் என்ன கேட்கின்றோம்? எங்கிருந்து பார்த்தீர், எத்தனை மணிக்கு, எத்திசையில், எவ்வளவு உயரத்தில், அதன் முனைகள் எப்பக்கம் நோக்கியிருந்தன, உம்முடன் வேறு யார் கண்டார் என்றெல்லாம் விசாரிக்கின்றோம். கண்டேன் என்ற ஒரு சொல் போதாது; விவரத்தோடு கூடிய சாட்சியமே ஏற்கப்படும். பியாட்ஸியின் குறிப்பேட்டில் இருந்ததும் இதுவே. ரக்கா நகரில் 40 ஆண்டுகள் வானை அளந்த அல்-பத்தானி போன்ற நமது முன்னோர் வளர்த்த பண்பும் இதுவே. அல்-பத்தானியின் அளவுகளைப் பல நூற்றாண்டுகளின் பின் வந்த கொப்பர்னிக்கஸும் எடுத்தாண்டார்.

பியாட்ஸி முதல்நாள் அளவைத் தமது விருப்பத்துக்கேற்பச் சற்றுத் திருத்தியிருந்தாலும், கவுஸின் கணக்கு வேறிடத்தைக் காட்டியிருக்கும். சீரிஸ் அன்று கிடைத்திருக்காது. ஒரு மனிதர் தனிமையில், எவரும் பார்க்காத இரவுகளில் எழுதிய எண்கள் நேர்மையானவையாக இருந்தமையாலேயே, நூற்றுக்கணக்கான காததூரம் தள்ளி வாழ்ந்த, முகமறியாத ஓர் இளைஞரால் அவற்றைப் பயன்படுத்த முடிந்தது. பரிசோதனைக் கூடத்தில் விடையை முன்கூட்டியே அறிந்துகொண்டு அதற்கேற்ப அளவுகளை எழுதி வைக்கும் நமது மாணவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். புள்ளிகள் கிடைக்கலாம், ஆனால் அளவிடும் பழக்கம் அவர்களை விட்டுப் போய்விடும்.

பெற்றோர்களே! விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. சீரிஸ் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் ஏறத்தாழ 15 மாதங்களுக்கு ஒருமுறை அது பூமியை அண்மிக்கும் காலங்களில், சாதாரண இருகண் நோக்கி மூலம் இருண்ட வெளியிலிருந்து காணலாம். விண்மீன் படத்தின் உதவியுடன் அப்பகுதியைக் கண்டுபிடித்து, தெரியும் புள்ளிகள் அனைத்தையும் பிள்ளை ஒரு கொப்பியில் வரையட்டும். திகதியையும் நேரத்தையும் எழுதட்டும். மறுநாளும், அதற்கடுத்த நாளும் அதனையே செய்யட்டும். அவற்றுள் ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கும். எது மாறியது என்பதை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிள்ளை தனது மூன்று படங்களையும் ஒப்பிட்டுத் தானே கண்டுபிடிக்கட்டும். அன்று அப்பிள்ளை அறிந்துகொள்வது, 1801ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் முதல் மூன்று இரவுகளில் பலர்மோ நகரத்துக் கோபுரத்தில் நிகழ்ந்ததையேயாகும்.